சொல்லாமல் உள்ளே வரும் ஹவுஸ் ஓனர்

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் ஒன்றரை வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். கணவருக்குப் பொள்ளாச்சியில் வேலை. நான் இங்கே ஒரு பள்ளியில் ஆசிரியை. ஓனர் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார். வயதானவர், ஊரில் நல்ல பேர். ஆனால் இன்னொரு சாவி வைத்திருக்கிறார். எங்கள் சமையலறையில்தான் மோட்டார் சுவிட்ச் இருக்கிறது. அதைப் போட, அணைக்க என்று நாங்கள் இல்லாதபோதும் திறந்து வருகிறார். போன வாரம் நான் குளித்துவிட்டு வெளியே வந்தால் சமையலறையில் நிற்கிறார். கேட்டதற்கு, "என்ற ஊட்டுக்குள்ள வர உன்னையக் கேக்கோணுமா?" என்றார். பொள்ளாச்சியில் இருக்கும் அக்கா, "24 மணி நேரம் முன்னாடியே நோட்டீஸ் கொடுக்கணும்னு சட்டம் இருக்கு" என்கிறாள். உண்மையா? போலீசுக்குப் போகலாமா? வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்றும் பயமாக இருக்கிறது.
ஒரு வாசகி, பாலக்காடு மாவட்டம்

பதில்: கேட்கத்தான் வேண்டும், சகோதரி. அவர் வீடுதான், பத்திரம் அவர் பேரில்தான், வரியும் அவர்தான் கட்டுகிறார். ஆனால் வாடகை பேசி, அட்வான்ஸ் வாங்கி, சாவியை உங்கள் கையில் கொடுத்த அன்றே அந்த வீட்டின் அனுபோகம் உங்களுக்கு வந்துவிட்டது. சொத்து ஒருவருக்கு, அனுபோகம் இன்னொருவருக்கு என்பது உங்கள் பக்கத்தில் யாருக்கும் புதிதில்லை. தென்னந்தோப்பைக் குத்தகைக்கு விட்டவர், என் மரம்தானே என்று ஏறி இளநீர் பறித்துக்கொண்டு போக மாட்டார். தோப்புக்கு இருக்கும் இந்த மரியாதை வீட்டுக்கும் உண்டு என்று உங்கள் ஓனருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அக்கா சொல்வது உண்மை. ஆனால் அவர் இருக்கும் பக்கத்துக்கு உண்மை. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பழுது பார்க்கவோ வீட்டின் நிலையைப் பார்க்கவோ ஓனர் வருவதாக இருந்தால், 24 மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், காரணமும் நாளும் நேரமும் அதில் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. தீ, வெள்ளம் போன்ற அவசரத்துக்கு மட்டும் விலக்கு. உங்கள் வீடு நிற்பதோ கேரள மண்ணில். கணவர் தினமும் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி வேலைக்குப் போனாலும், வீடு எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலச் சட்டம்தான் செல்லும். பொள்ளாச்சியில் வாங்கிய முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதியிருந்தாலும் தமிழ்நாட்டுச் சட்டம் அதோடு கூட வந்துவிடாது. எல்லை ஊர்களில் பலர் இப்படி எழுதிக்கொள்கிறார்கள். கேரளத்துக்குரிய முத்திரைத்தீர்வை கட்டாத ஒப்பந்தத்தைக் கோர்ட்டில் காட்டும் நாளில், அபராதம் கட்டச் சொல்வார்கள். அடுத்த முறை புதுப்பிக்கும்போது கேரள முத்திரைத்தாளிலேயே எழுதுங்கள்.

கேரளத்தில் இருப்பது 1965ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அந்த 24 மணி நேர விதி அதில் கிடையாது. அதனால் உங்களுக்குப் பாதுகாப்பே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நாடு முழுக்க வீட்டு வாடகைக்கு அடிப்படையாக இருக்கும் 1882ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு உங்களுக்கும் பொருந்தும். வாடகையைச் சரியாகக் கட்டி, ஒப்பந்தப்படி நடந்துகொள்ளும் குடித்தனக்காரர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வீட்டை அனுபவிக்கலாம் என்கிறது அது. அதே பிரிவு ஓனருக்கும் ஒன்று தருகிறது. நியாயமான நேரத்தில் அவரோ அவர் அனுப்பும் ஆளோ வந்து வீட்டின் நிலையைப் பார்க்க நீங்கள் விட வேண்டும். விட வேண்டியது நீங்கள் என்பதைக் கவனியுங்கள். வந்து கேட்டு, நீங்கள் திறந்து, அவர் பார்த்துவிட்டுப் போவதுதான் அந்த உரிமை. ஆள் இல்லாத வீட்டைத் தானே திறந்துகொள்வதோ, குளிக்கும் நேரத்தில் உள்ளே நிற்பதோ அதில் அடங்காது. ஒரு விஷயம் மட்டும்: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அதற்குத்தான் முதலிடம். எனவே இன்றைக்கே அதை எடுத்து, ஓனர் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று ஏதாவது வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

கல்யாணமான புதிதில் நானும் வாடகை வீட்டில் இருந்தவள். ஒரு நாள் வேலை முடிந்து வந்து பார்த்தால், பால் பாத்திரத்தின் மேல் நான் மூடிவிட்டுப் போன தட்டு பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. எதுவும் காணாமல் போகவில்லை. ஆனாலும் அன்று ராத்திரி பீரோ, அரிசி டப்பா, கொடியில் கிடந்த துணி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதனால் உங்கள் கடிதத்தில் "வயதானவர், நல்ல பேர்" என்று நீங்களே அவருக்காகப் பேசியது எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் மனதில் தப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், ஈரத்தலையோடு அங்கே நின்றபோது உங்களுக்கு வந்த பதற்றம் நியாயமானது. அதை யாரும் "சின்ன விஷயம்" என்று சொல்ல விடாதீர்கள்.

போலீஸ் பற்றி. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவு அத்துமீறி நுழைவதைக் குற்றமாக்குகிறது. அது பார்ப்பது சொத்து யாருடையது என்பதையல்ல, யார் வசம் இருக்கிறது என்பதைத்தான். எனவே ஓனர் மீதும் அது பாயும். ஆனால் மிரட்ட, அவமதிக்க, தொல்லை கொடுக்க, அல்லது வேறு குற்றம் செய்யும் நோக்கம் இருந்தது என்று காட்ட வேண்டும். மோட்டார் போட வந்தேன் என்று இன்றைக்கு அவர் சொன்னால் வழக்கு நிற்பது கஷ்டம். வராதீர்கள் என்று நீங்கள் எழுத்தில் சொன்ன பிறகும் வந்தால் நிலைமை வேறு. அதனால்தான் எழுத்து முக்கியம். உங்கள் போனிலிருந்து, மரியாதையாக, இப்படி ஒரு வாட்ஸ்அப் போதும்:

"ஐயா, வணக்கம். போன வாரம் நான் குளித்துவிட்டு வரும்போது நீங்கள் உள்ளே இருந்தது எனக்கு மிகவும் சிரமமாகிவிட்டது. இனி வீட்டுக்குள் வர வேண்டியிருந்தால் முந்தின நாளே போன் செய்யுங்கள். நாங்கள் இருக்கும் நேரத்தில் வாருங்கள். நாங்கள் இல்லாதபோது தயவுசெய்து திறக்க வேண்டாம்."

அந்தப் போன வாரத் தேதியையும், இதற்கு முன் அவர் வந்து நினைவில் இருக்கும் நாட்களையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஆனால் இந்தக் கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். சட்டம் தரும் பாதுகாப்பே வாடகை கட்டுபவருக்குத்தான். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். இல்லையென்றால் பேங்க் வழியாக அனுப்புங்கள்.

காலி பண்ணச் சொல்வாரோ என்ற பயம் புரிகிறது. சொல்லலாம், ஆனால் சொன்னதும் சாமானை எடுத்து வெளியே வைக்க முடியாது. 1965 சட்டம் பொருந்தும் இடங்களில், அதில் சொல்லியிருக்கும் காரணங்களில் ஒன்றைக் காட்டி வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்தில் உத்தரவு வாங்க வேண்டும். தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தி விரட்டப் பார்ப்பதையும் அந்தச் சட்டம் தடுக்கிறது. அரசு அறிவித்த பகுதிகளுக்கு மட்டுமே அது பொருந்தும் என்பதால், உங்கள் பஞ்சாயத்து அதில் வருகிறதா என்று சித்தூர் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள். பெண் என்பதாலேயே, வருமான வரம்பு பார்க்காமல் உங்களுக்கு இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம். அந்தச் சட்டம் பொருந்தாவிட்டாலும், சட்டப்படி இல்லாமல் பலவந்தமாக வெளியேற்றினால் 6 மாதத்துக்குள் கோர்ட்டுக்குப் போய் வீட்டைத் திரும்பக் கேட்கலாம். மலையாளத்தில் எழுத வராதே என்ற தயக்கம் இருந்தால், அதுவும் வேண்டாம். எந்த அதிகாரிக்கும் குறையைத் தமிழில் எழுதிக் கொடுக்க அரசியல் சாசனத்தின் 350ஆவது பிரிவு இடம் தருகிறது.

இதெல்லாம் தேவைப்படாமலே போகலாம். அந்த மோட்டார் சுவிட்ச் உங்கள் சமையலறையில் இருக்கும்வரை, எவ்வளவு பேசினாலும் தொட்டி காலியானதும் அவர் கால் உங்கள் வாசலுக்குத்தான் வரும். சுவிட்சை வெளிச்சுவரில் ஒரு சின்னப் பெட்டிக்குள் மாற்றுவது எலக்ட்ரீஷியனுக்குப் பெரிய வேலை இல்லை. வரும் ஞாயிறு, கணவர் வீட்டில் இருக்கும்போது இரண்டு பேருமாக அவர் வீட்டுக்குப் போங்கள். அவர் மனைவி இருந்தால் அவரையும் உட்கார வைத்தே பேசுங்கள், அந்த அம்மாவுக்குச் சொல்லாமலே புரியும். சுவிட்சை மாற்றச் சம்மதம் வாங்குங்கள். செலவைப் பாதி ஏற்கிறேன் என்று சொல்லலாம். முழுதும் நீங்களே கொடுக்க வேண்டி வந்தாலும் பரவாயில்லை, கொடுங்கள். வேலை முடிந்ததும் அந்த இன்னொரு சாவியைக் கேளுங்கள். தர மறுத்தால் அவர் பூட்டைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு உங்கள் சொந்தப் பூட்டைப் போடுங்கள். காலி செய்யும் நாளில் பழையதைத் திருப்பிக் கொடுத்தால் போதும். பின்கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாளும் அன்றைக்கே வைத்துவிடுங்கள்.