விலங்குகளுக்காக நெடுஞ்சாலையில் பாலம் கட்டுவது வீண் செலவா?

"பலகையைப் படித்துவிட்டா மான் பாலம் ஏறும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். படிக்காதுதான், சாலையோர வேலிதான் அதைப் பாலத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. வேலியை விட்டுவிட்டுப் பாலத்தை மட்டும் கட்டினால் பணம் வீண்.

கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் வேலி, மேம்பாலம், சுரங்கவழி எல்லாம் வந்தபின் விலங்குகள் மீது வாகனம் மோதுவது 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. கிரிஸ்லி கரடிகளுக்குப் பழகச் சில ஆண்டுகள் பிடித்தன. இங்கே இந்தியாவில், மத்தியப் பிரதேச-மகாராஷ்டிர எல்லையில் உள்ள பெஞ்ச் புலிகள் காப்பகம் அருகே, தேசிய நெடுஞ்சாலை 44-ஐயே சில இடங்களில் தூண்கள்மேல் தூக்கிவிட்டார்கள். அடியில் புலி நடப்பது கேமராவில் பதிவாகியிருக்கிறது.

சென்னைக்கு? வேளச்சேரி சாலையில் ஒரு விடியற்காலை அடிபட்டுக் கிடந்த புள்ளிமானைப் பார்த்தேன். வாயில் இன்னும் புல் இருந்தது. ஆனாலும் அங்குள்ள கிண்டி தேசியப் பூங்காவுக்குப் பாலம் வேண்டாம் என்பேன். சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் பூங்கா; சாலையைக் கடந்தால் வீடுகள்தான். பாலம் ஏறிய மான் யார் வாசலில் இறங்கும்? அங்கே நல்ல சுற்றுச்சுவரும் வேகத்தடையும் போதும்.

இருபுறமும் காடு உள்ள இடத்தில், சாலையை அகலப்படுத்தும்போதே சேர்த்துக் கட்டிவிட வேண்டும். பிறகு உடைத்துக் கட்டுவதுதான் கையைக் கடிக்கும்.