ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் மாற்றிய பிறகு கார் இடது பக்கம் இழுக்கிறது. அலைன்மென்ட் செய்தும் சரியாகவில்லை. எதைப் பார்ப்பது?

முன்பக்க ஷாக்கும் லோயர் ஆர்மும் புதிது, அலைன்மென்ட் ரிப்போர்ட்டில் எல்லாம் பச்சை, ஆனாலும் வண்டி இடது பக்கம் இழுக்கிறது, வளைவில் திருப்பினால் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில், இன்னொரு தடவை அலைன்மென்ட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். பெரும்பாலான சின்ன கார்களில் அந்தக் கடையில் திருகி மாற்றக்கூடியது டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) ஒன்றுதான். கேம்பரும் (சக்கரம் உள்ளே அல்லது வெளியே சாய்ந்திருக்கும் அளவு) காஸ்டரும் (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் அளவு) மெஷினில் எண்ணாகத் தெரியும், அவ்வளவுதான். முன் சக்கர டோ தப்பினால் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும், டயர் ஓரம் தேயும். வண்டி தொடர்ந்து ஒரு பக்கமே இழுப்பதற்கு அது காரணமாக இருப்பது அரிது.

ஸ்டீயரிங் நேருக்குத் திரும்பாததைத்தான் நான் முதலில் பிடிப்பேன். ஷாக்கின் உச்சியில், பானெட்டுக்கு அடியில், ஒரு ரப்பர் மவுண்ட்டும் அதற்குள் ஒரு பேரிங்கும் இருக்கும். சக்கரம் திரும்பும்போது ஸ்ப்ரிங்கும் சேர்ந்து வழுக்கிக்கொண்டு சுற்றுவது அந்தப் பேரிங்கால்தான். புது ஷாக் போடும்போது செலவை மிச்சம் பிடிக்கப் பழைய பேரிங்கையே திரும்ப மாட்டிவிடுவது ரொம்ப சகஜம். என் மச்சான் வண்டியிலும் அதே கதை. மெக்கானிக்கிடம் போனால் "ஓட ஓட செட் ஆயிடும் சார்" என்றார். பேரிங் செட் ஆகாது.

இதை வீட்டு வாசலிலேயே பார்க்கலாம். வண்டியை நிறுத்தி ஹேண்ட்பிரேக் போட்டு, ஒருவரை உள்ளே உட்காரவைத்து ஸ்டீயரிங்கை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் சக்கர வளைவுக்குள் கை விட்டு ஸ்ப்ரிங்கின் வெளிப்பக்கத்தை விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள் (சுருள்களுக்கு நடுவில் விரலை விடாதீர்கள்). நல்ல பேரிங் என்றால் ஸ்ப்ரிங் சீராகச் சுற்றும். இறுகிப்போனது என்றால் ஸ்ப்ரிங் முறுக்கிக்கொண்டே போய், 'டங்' என்று ஒரு துள்ளு துள்ளி விடுபடும். அந்த முறுக்குதான் ஸ்டீயரிங்கைத் திரும்ப விடாமல் பிடித்து வைக்கிறது. ஒரு பக்கம் மட்டும் இறுகியிருந்தால் இழுப்பும் அதனாலேயே வரலாம்.

அடுத்தது லோயர் ஆர்ம், அதாவது சக்கரத்தை வண்டியின் அடிப்பாகத்தோடு இணைக்கும் கை. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே புஷ் (ஆர்ம் மாட்டும் இடத்தில் இருக்கும் ரப்பர்) போல்ட்டை முழுசாக டைட் செய்துவிட்டால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருக்கும், சீக்கிரம் கிழியும். வண்டியின் பாரம் சக்கரத்தில் இருக்கும்போதுதான் கடைசி டைட் கொடுக்க வேண்டும். இதை மெக்கானிக்கிடம் நேராகவே கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும். ஆர்ம் போல்ட் லூஸாக இருந்தாலோ புஷ் சரியில்லை என்றாலோ வேறு அறிகுறி தெரியும்: ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ஒரு பக்கம், காலை எடுத்தால் மறுபக்கம் என்று வண்டி மாறி மாறி ஓடும்.

இழுப்புக்கு வருவோம். நம் ரோடுகள் மழைநீர் வடிய இடது ஓரமாகச் சரிந்திருக்கும், அதனால் லேசாக இடது பக்கம் ஒதுங்குவது குறையே இல்லை. சமமான, ஆளில்லாத ரோட்டில் ஸ்டீயரிங்கை லேசாகப் பிடித்து ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் இழுத்தால் முன் டயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றுங்கள் (டயரில் சுழல் திசைக்கு அம்புக்குறி இருந்தால் வேண்டாம்). இழுப்பு வலது பக்கம் மாறிவிட்டால் குற்றம் டயரில். மாறவில்லை என்றால், பிரேக் அதிகம் பிடிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கி, இரண்டு ரிம்முக்கும் அருகில் கையைக் கொண்டுபோங்கள். இடது பக்கம் மட்டும் அனலடித்தால் அந்தப் பக்கத்து காலிபர் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) ஜாம்.

இதுவும் இல்லையென்றால் அந்த ரிப்போர்ட்டை எடுத்து இடது, வலது காஸ்டரை ஒப்பிடுங்கள். இரண்டும் பச்சையாக இருந்தாலும், ஒன்று வரம்பின் கீழ்முனையிலும் மற்றது மேல்முனையிலும் இருந்தால் வண்டி காஸ்டர் குறைந்த பக்கம் இழுக்கும். கேம்பர் என்றால் பாசிட்டிவ் (சக்கரத்தின் மேல்பக்கம் வெளியே சாய்வது) அதிகமான பக்கம். ஷாக்கின் அடியில் இருக்கும் இரண்டு போல்ட்டுகளின் துளையில் கொஞ்சம் இடைவெளி இருக்கும், மாட்டும்போது சாய்ந்தால் கேம்பர் மாறிவிடும். அதை லூஸ் செய்து சரியாக வைக்க முடியும். காஸ்டர் வித்தியாசம் என்றால் ஆர்ம் அல்லது அதைத் தாங்கும் கிராஸ் மெம்பர் நகர்ந்திருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஸ்டீயரிங்கில் புதிதாக ஆட்டம் தெரிந்தாலோ, திருப்பும்போது தட்டும் சத்தம் கேட்டாலோ மட்டும் மேலே சொன்ன சோதனைகளுக்காகக் கூட வண்டியை எடுக்காதீர்கள். பால் ஜாயின்ட் நட்டும் டை ராட் லாக் நட்டும் டைட்டாக இருக்கின்றனவா என்று மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.