பினாங்கு வெயிலில் தேனீக்கள் பெட்டிக்கு வெளியே தொங்குகின்றன, என்ன செய்யலாம்?

புக்கிட் மெர்தாஜாமில் வீட்டுக்குப் பின்னால் இரண்டு பெட்டி வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். பிப்ரவரி வெயில் ஏறியதிலிருந்து மத்தியானம் தொட்டே தேனீக்கள் வாசலுக்கு வெளியே கொத்தாகத் தொங்குகின்றன. யூடியூபில் பார்த்து ஈரச் சாக்குப் போர்த்தியும் குறையவில்லை. இப்படியே விட்டால் கூட்டமே ஓடிப்போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்தச் சாக்கை எடுத்துவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

ஈரச் சாக்கு தப்பான யோசனை இல்லை, ஊர்தான் வேறு. மதுரை, கோயம்புத்தூர்ப் பக்கம் கோடையில் காற்று காய்ந்து கிடக்கும். சாக்கில் தெளித்த தண்ணீர் உடனே ஆவியாகும், ஆவியாகும்போது சூட்டையும் கூடவே எடுத்துப்போகும். நம் ஊரில் வெயில் 32, 33 டிகிரிதான், ஆனால் காற்றின் ஈரப்பதம் வருஷம் முழுக்கச் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. மழை நாளில் கொடியில் போட்ட துணி மாதிரி சாக்கு அப்படியே சொதசொதவென்று கிடக்கும். குளிர்ச்சியும் கிடைக்காது, பெட்டியைச் சுற்றிக் காற்றும் போகாது. உள்ளே பூஞ்சணம் வரும். தேனில் ஏற்கனவே தண்ணீர் அதிகம், அது இன்னும் இளகிப் புளித்துப்போகும். வறண்ட நாளில் மத்தியானம் ஒரு மணி நேரம் போடுவதில் கெடுதல் இல்லை. ராத்திரி முழுக்கப் போர்த்தி வைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

நான் பாலிக் புலாவில் வளர்ப்பதும் உங்களுடையதைப் போன்ற நாட்டுத் தேனீதான், அப்புறம் கெலுலுட் என்கிற கொட்டாத சிறு தேனீ குடியிருக்கும் மரக்கட்டைகள் கொஞ்சம். வெயில் நாளில் நான்கு மணிவாக்கில் ஒரு நாற்காலி போட்டு வாசலைப் பாருங்கள். பலகையில் ஒரு வரிசைத் தேனீக்கள் நகராமல் நின்று சிறகடித்துக்கொண்டிருக்கும். தலை வெளிப்பக்கம், வால் வாசல் பக்கம். வெளிக்காற்றை உள்ளே தள்ளுகின்றன. இத்தாலியத் தேனீ இதற்கு நேர் எதிர்: தலையை வாசல் பக்கம் வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் சூட்டுக் காற்றை வெளியே இழுக்கும். விரலை வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி வைத்தால் காற்று போவது தெரியும். (ரொம்பப் பக்கத்தில் வேண்டாம், அந்த நேரத்தில் அவற்றுக்கும் பொறுமை குறைவு.)

உள்ளே புழு இருக்கும் அடைகளை அவை 33 முதல் 36 டிகிரிக்குள் வைத்தாக வேண்டும். அதற்கு மேல் நீண்ட நேரம் போனால் புழு சாகும், பிழைப்பதும் சிறகு கோணலாக வெளியே வரும். அதனால்தான் கொஞ்சம் தேனீக்கள் தேனை விட்டுவிட்டுத் தண்ணீர் சுமக்கின்றன. கொண்டுவந்த தண்ணீரை அறைகளின் விளிம்பில் துளித்துளியாகப் பூசுகின்றன, மற்றவை விசிறுகின்றன. உள்ளே வேலையில்லாதவை வெளியே வந்து தொங்குகின்றன, ஏனென்றால் ஒவ்வொரு தேனீயின் உடம்பும் ஒரு சூடு, காற்று போகும் வழிக்கு ஒரு அடைப்பு. நீங்கள் பயந்துபோன அந்தத் தாடி, அதாவது வாசலில் தாடி மாதிரி தொங்கும் கொத்து, அவை பிரச்சினையைச் சமாளிக்கும் விதம். அதைத் தண்ணீர் அடித்தோ புகை போட்டோ உள்ளே விரட்டாதீர்கள்.

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன? என் கணக்கில் முக்கால்வாசி வேலை நிழல்தான். மலேசியாவில் இதுவரை பதிவான உச்ச வெப்பம் 1998 ஏப்ரலில் பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 டிகிரி. மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே வெறும் காற்றின் சூட்டில் அடை உருகாது. ஆனால் நேர் வெயில் விழும் மூடிக்கு அடியில் கதை வேறு. மெழுகு உருகுவதற்கு வெகு முன்னாலேயே இளகிவிடும், தேன் நிரம்பிய புது அடை தன் பாரத்தைத் தானே தாங்காமல் அறுந்து விழும். விழுந்தால் தேன் ஒழுகி, எறும்பு ஏறி, மெழுகுப்பூச்சி புகுந்து, அந்தப் பெட்டி அவ்வளவுதான்.

காலை வெயில் படட்டும், அது நல்லதுதான். பதினொரு மணிக்கு மேல், முக்கியமாக மேற்கிலிருந்து சாயும் வெயில், படக்கூடாது. ரம்புத்தான் மரத்தடி அருமையான இடம். துரியான் மரத்தடி நிழலும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு காய் விழுந்தால் பெட்டி என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தென்னைக்கும் அதே கதைதான். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் மரமே இல்லை என்றால் கூரை போடுங்கள். நிறையப் பேர் மிச்சமிருந்த சிங்க் தகட்டை மூடிமேல் அப்படியே படுக்கவைத்துக் கல் வைத்துவிடுகிறார்கள். மழைக்குச் சரி, வெயிலுக்கு அது அடுப்பு. தகட்டுக்கும் மூடிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டுக் கால் நட்டுப் போடுங்கள். அத்தாப்பு (ஓலைக் கூரை) கிடைத்தால் இன்னும் நல்லது. மூடிக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தாலும் வித்தியாசம் தெரியும்.

அடுத்தது காற்று. உள்மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே நான்கு மூலையிலும் ஒவ்வொரு தீக்குச்சி வையுங்கள். அந்த இடுக்கு வழியாகச் சூடு மேலே போகும், தேனீ புகாது. இதற்கு மேல் ஆசைப்பட்டுப் பக்கவாட்டில் பெரிய ஜன்னல் வெட்டி வலை அடிக்காதீர்கள். அவை வாசலில் நின்று பாடுபட்டுத் தள்ளும் காற்று அடைகளுக்குள் போகாமல் ஜன்னல் வழியே ஓடிவிடும். வாசலையும் ரொம்பப் பெரிதாக்க வேண்டாம், தபுவான் குளவி அதற்காகவே காத்துக்கொண்டிருக்கும். பெட்டிக்குள் கூட்டம் பிதுங்கினால் தேன் சேர்க்க மேலே இன்னொரு அடுக்குப் பெட்டி ஏற்றுங்கள், அது இன்னும் சுலபம்.

தண்ணீர் வைக்க வேண்டும், ஆனால் நம் ஊரில் ஏடிஸ் கொசு இருக்கிறது. தட்டில் கூழாங்கல் பரப்பி, கல் தலை நீட்டும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, பெட்டியிலிருந்து கொஞ்சம் தள்ளி நிழலில் வையுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். கொசு முட்டை பெரிய கொசுவாக ஒரு வாரமாவது ஆகும், ஆகவே இது போதும். விட்டுவிட்டால் கொசுவும் வரும், சுகாதார இலாகாவின் அபராதமும் வரும். கொசு மருந்து போட்ட தண்ணீரைத் தேனீ குடிக்கும் இடத்தில் வைக்கவே கூடாது.

கொசுப் புகை அடிக்கும் நாள்தான் எனக்கு வெயிலைவிடப் பெரிய பயம். பெரும்பாலும் பொழுது சாயும் நேரத்தில் வருவார்கள், தேனீயும் அப்போதுதான் கூடு திரும்பும். பதறிப்போய் வாசலைத் துணி திணித்து அடைத்துவிட்டால் புகையில் சாகாதது புழுக்கத்தில் சாகும். அடைபட்ட தேனீ கலவரப்படும், கலவரத்தில் சூடு இன்னும் ஏறும். முன்கூட்டியே தகவல் கிடைத்தால் முந்தின ராத்திரியே தெரிந்தவர் தோட்டத்துக்கு மாற்றுவது நல்லது. முடியாவிட்டால் வாசலில் கம்பி வலை வைத்து, பெட்டிமேல் ஈரத் துணி போர்த்தி, புகை கலைந்ததும் உடனே எடுத்துவிடுங்கள். ஈரத் துணிக்கு நம் ஊரில் உருப்படியான உபயோகம் இதுதான் என்பேன்.

வெயில் காலத்தில் பெட்டியைத் திறப்பது காலை ஒன்பது மணிக்குள் முடியட்டும். அடை கட்டியிருக்கும் மரச் சட்டத்தை எடுத்தால் செங்குத்தாகவே பிடித்துத் திருப்புங்கள், படுக்கவைத்துப் பார்த்தால் வெள்ளைப் புது அடை ஒடிந்து கையோடு வரும். பெட்டியை இடம் மாற்றுவது ராத்திரியில்தான். பகலில் காரின் பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் வைத்துக்கொண்டு பினாங்குப் பாலத்து ஜாமில் மாட்டினால் அந்தக் கரை போய்ச் சேர்வதற்குள் தேன் ஒழுகிவிடும்.

கெலுலுட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அவை தேனீ அளவுக்குத் தண்ணீர் பூசிக் குளிர்விப்பதில்லை, அதனால் நிழலை இன்னும் அதிகம் நம்பியிருக்கின்றன. மரக்கட்டை தடிமனாக இருப்பதால் தாங்கும். மேலே நாம் வைக்கும் மெல்லிய பலகைப் பெட்டிதான் முதலில் சூடேறும். உள்ளே தேன் குடுவைகள் இளகி உடைந்தால் ஈ முட்டையிட வந்துவிடும்.

இனி, ஓடிப்போகுமா என்ற கேள்வி. நாட்டுத் தேனீ ஓடும், அதை மறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் சும்மா ஓடாது. கிளம்ப முடிவெடுத்தால் ராணி முட்டையிடுவது நிற்கும், இருக்கும் புழு வெளிவரும்வரை காத்திருக்கும், சேமித்த தேனைத் தின்று தீர்க்கும், வாசலில் போக்குவரத்து மந்தமாகும். ஆகவே நாளைக் காலையில் நடுச் சட்டம் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். அறைகளின் அடியில் முட்டையும் இளம் புழுவும் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. இல்லாவிட்டால் அன்றைக்கே நிழலைச் சரிசெய்து, சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கலந்த பாகைச் சாயங்காலம் உள்ளே வையுங்கள். தேன் எடுப்பதை இந்த முறை விட்டுவிடுங்கள். புது ராணி வளரும் ராணி அறைகள் அடையில் தொங்கினாலோ, குளிர்ந்த விடியற்காலையிலும் தாடி அப்படியே இருந்தாலோ அது சூட்டினால் வந்தது இல்லை, கூட்டம் பிரியப்போகிறது. அப்படியென்றால் மூன்றாவது பெட்டியைத் தயார் செய்யுங்கள்.