யூசர் ஸ்டோரி போதுமா, முழு விவரக்குறிப்பு வேண்டுமா?

கேள்வி: மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து தரும் சிறு நிறுவனத்தில் பணிபுரிகிறேன். புறநோயாளிகள் முன்பதிவும் குழந்தைகளுக்கான மருந்தளவுக் கணக்கீடும் ஒரே திட்டத்தில் வருகின்றன. தேவைகளை யூசர் ஸ்டோரிகளாக, அதாவது பயனர் தமக்கு வேண்டியதைச் சொல்வதுபோன்ற ஓரிரு வாக்கியங்களாக, எழுதினால் போதும் என்கிறார்கள் சிலர். மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை விரிவாக வரையறுக்கும் முழு விவரக்குறிப்பு எழுதிக் கையொப்பம் வாங்காமல் நிரல் எழுதத் தொடங்கவே கூடாது என்கிறார்கள் மற்றவர்கள். எதை ஏற்பது?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: திட்டம் முழுவதற்கும் ஒரே முறையை விதிக்காதீர்கள். நீங்கள் குறிப்பிட்ட இரண்டு பகுதிகளும் தன்மையில் வெவ்வேறானவை.

1990களின் பிற்பகுதியில் மென்பொருள் பொறியாளர் கென்ட் பெக்கும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் க்ரைஸ்லர் கார் நிறுவனத்துக்கு ஊதியக் கணக்கு மென்பொருள் எழுதியபோது, யூசர் ஸ்டோரி என்ற முறை உருப்பெற்றது. ஊதிய விதிகளை அறிந்த ஒருவர் அங்கே நிரலாளர்களுடனேயே இருந்ததால், அட்டையில் ஓரிரு வாக்கியங்கள் எழுதியதே போதுமானதாக இருந்தது. மீதியை அவரிடம் கேட்டுக்கொள்ள முடிந்தது. அட்டை, உரையாடல், உறுதிப்படுத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஸ்டோரி என்று அந்தக் குழுவில் இருந்த ரான் ஜெஃப்ரிஸ் 2001இல் விளக்கினார். இன்று பல அலுவலகங்களில் அட்டை மட்டுமே மிஞ்சியிருப்பது வருந்தத்தக்கது.

உங்கள் முன்பதிவுப் பகுதிக்கு இந்த முறை நன்கு பொருந்தும். வரவேற்பறைப் பணியாளர்கள் திரையைப் பார்த்த பிறகுதான் தங்களுக்கு வேண்டியதைச் சொல்வார்கள். பிழை வந்தாலும் மறுநாளே திருத்திவிடலாம்.

மருந்தளவு அப்படியன்று. "மருத்துவராகிய நான், குழந்தையின் எடைக்கேற்ற அளவை அறிய விரும்புகிறேன்" என்று எழுதிவிட்டால், எடை கிராமிலா கிலோகிராமிலா, கிடைக்கும் விடை ஒரு வேளைக்கா ஒரு நாளைக்கா, மீறக் கூடாத உச்ச அளவு எது, எடை பதியப்படாதபோது திரை என்ன காட்ட வேண்டும் என்ற கேள்விகளில் ஒன்றுக்குக்கூட விடை இருக்காது. அவற்றை நிரலாளர் தம் ஊகத்தால் நிரப்புவது ஆபத்து. ஒவ்வொரு மருந்துக்கும் வரம்புகளை அட்டவணையாக எழுதி, மருத்துவரும் மருந்தாளுநரும் வரிவரியாகச் சரிபார்த்து ஒப்பமிட வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு சோதனையாவது இருக்க வேண்டும்.

அதற்காக, கையொப்பமே காப்பாற்றிவிடும் என்றும் நம்பிவிடாதீர்கள். 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில், ஏறத்தாழ 40 விநாடிகளில் சிதறியது. அதன் வழிகாட்டுக் கருவியில், முந்தைய ராக்கெட்டான ஏரியன் 4இலிருந்து எடுத்தாளப்பட்ட நிரல், 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டுக்குள் அடக்க முயன்று தோற்றிருந்தது. அந்தக் கருவிக்கு முறையான விவரக்குறிப்பு இருந்தது. ஆனால் புதிய ராக்கெட்டின் பறப்புப் பாதை விவரங்களை அதில் சேர்க்க வேண்டாம் என்று சம்பந்தப்பட்டவர்களே ஒப்புக்கொண்டிருந்தார்கள் என விசாரணைக் குழு கண்டறிந்தது. ஆகவே, பழைய திட்டத்திலிருந்து அட்டவணையையோ நிரலையோ எடுத்தாளும்போது, அது எந்த நோயாளிகளுக்காக, எந்த எடை வரம்புக்காக எழுதப்பட்டது என்பதையும் பதியுங்கள்.

கணிதக் குறியீட்டில் எழுதப்படும் விவரக்குறிப்பு உங்கள் திட்டத்தின் பெரும்பகுதிக்குத் தேவைப்படாது. ஒரே மருந்தாணையை மருத்துவரும் மருந்தகமும் ஒரே நேரத்தில் மாற்றக்கூடிய இடத்தில் மட்டும் அதை எண்ணிப் பாருங்கள். அமேசான் பொறியாளர்கள் டிஎல்ஏ பிளஸ் (TLA+) என்ற கணித விவரக்குறிப்பு மொழியில் தங்கள் தரவுத்தளமான டைனமோடிபியை விவரித்துச் சோதித்தபோது, 35 படிகள் குறிப்பிட்ட வரிசையில் நடந்தால் மட்டுமே தலைகாட்டும் பிழை ஒன்று அகப்பட்டது. எவ்வளவு பேசினாலும் அத்தகைய பிழை உரையாடலில் வெளிப்படாது.