அமைச்சர்களிடம் எம்.பி.க்கள் கேள்வி கேட்பதால் மக்களுக்கு உண்மையில் பயன் உண்டா?

"டிவியில் பார்த்தால் கூச்சலும் வெளிநடப்பும்தான் தெரிகிறது. அமைச்சர் கையில் இருப்பதைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். இந்தக் கேள்வி நேரத்தால் யாருக்கு என்ன பயன்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயன் உண்டு, நிறையவே உண்டு. மக்களவை உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில் கேள்விகள் தயாரிக்கும் வேலையில் சில காலம் இருந்தேன். அங்கே நான் கண்டதை ஒரே வரியில் சொல்வதென்றால், அரசை வாய்திறக்க வைப்பது பெரிய கேள்வி அல்ல, தப்பிக்க இடம் தராத சின்னக் கேள்வி. அதற்கான பதிலும் பெரும்பாலும் அவையில் யாரும் வாசிக்காத ஒரு தாளில்தான் வருகிறது.

முதலில் ஏற்பாடு எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். மக்களவையில் காலை 11 மணி முதல் 12 வரை கேள்வி நேரம். மாநிலங்களவையில் 2014 இறுதியிலிருந்து அதை நண்பகல் 12 மணிக்கு மாற்றிவிட்டார்கள். அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவை நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள். இவை மக்களவையில் ஒரு நாளைக்கு 20. எழுத்தில் மட்டும் பதில் வருபவை 230. நோட்டீஸ் குறைந்தது 15 நாள் முன்னதாகத் தர வேண்டும். யார் கேள்வி முதலில் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. டிவியில் நாம் பார்ப்பது அந்த 20-இல் நேரம் கிடைக்கிற நாலைந்தை மட்டுமே. மீதி எல்லாவற்றுக்கும், அந்த 230 உட்பட, எழுத்திலான பதில் அவையின் மேசையில் வைக்கப்படுகிறது. அமளியில் கூட்டம் ஒத்திவைக்கப்பட்ட நாளில்கூட அந்தப் பதில்கள் இணையதளத்தில் ஏறிவிடும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

அந்தத் தாள்களுக்கு ஒரு தனி மதிப்பு இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் பொதுத் தகவல் அலுவலர் பதில் எழுதுவார். நாடாளுமன்றக் கேள்விக்கு வருவது அமைச்சரின் பதில். அதில் தவறு இருந்தால் அமைச்சரே அவைக்கு வந்து திருத்த அறிக்கை வைக்க வேண்டும். வேண்டுமென்றே தவறாகச் சொன்னால், அவையின் உரிமையை மீறினார் என்ற பிரச்சினை வரும். அதனால் ஒரு கேள்வி அமைச்சகத்துக்குள் போனதும் கோப்புகள் நகரத் தொடங்குகின்றன. கீழ் அலுவலகங்களிலிருந்து எண்ணிக்கை கேட்டுத் தகவல் பறக்கும். நட்சத்திரக் கேள்வியாக இருந்தால், பதிலைத் தொடர்ந்து அவையில் என்னென்ன துணைக் கேள்விகள் வரலாம் என்று ஊகித்து ஒரு தடிமனான குறிப்பே தயாராகும். சில விவரங்களை அரசு தன் வாழ்நாளில் முதல்முறையாகத் திரட்டுவதே யாரோ ஒரு எம்.பி. கேட்டதால்தான்.

இனி, பதில் சொல்லாமலே பதில் சொல்வது எப்படி என்பதைப் பார்க்கலாம். எனக்கு மிகவும் ஆதங்கம் தருகிற பகுதி இது. கேள்விகள் (அ), (ஆ), (இ) என்று பிரிவுகளாக எழுதப்படும். பழகிப்போன வடிவம் இது: "(அ) கிராமப்புறங்களில் மருத்துவ வசதி போதவில்லை என்பது அரசுக்குத் தெரியுமா? (ஆ) ஆம் எனில், அதன் விவரங்கள் என்ன? (இ) அரசு எடுத்த நடவடிக்கை என்ன?" பார்த்தால் நல்ல கேள்விதான். பதில் என்ன வரும்? "(அ) முதல் (இ) வரை: பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது. எனினும் மத்திய அரசு பின்வரும் திட்டங்களைச் செயல்படுத்தி வருகிறது" என்று தொடங்கி, இரண்டு பக்கத்துக்குத் திட்டங்களின் பெயர்கள். மூன்று பிரிவுகளையும் ஒன்றாகக் கட்டிவிட்டதால் எந்தப் பிரிவுக்குப் பதில் வரவில்லை என்பதே கண்ணில் படாது. அல்லது (அ)-வுக்கு "இல்லை" என்று ஒரே சொல் வரும். உடனே (ஆ), (இ) இரண்டுக்கும் "வினா எழவில்லை" என்று எழுதிவிடலாம். "தெரியுமா", "உண்மையா" என்று தொடங்குகிற கேள்வி, முதல் வரியிலேயே அமைச்சருக்கு வெளியேறும் கதவைத் திறந்து வைத்துவிடுகிறது.

அதே அக்கறையை இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு எய்ம்ஸ் மருத்துவமனையிலும், இன்ன தேதி நிலவரப்படி, ஒப்புதல் பெற்ற ஆசிரிய மருத்துவர் பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, ஓராண்டுக்கு மேல் காலியாகக் கிடப்பவை எத்தனை? எய்ம்ஸ் மத்திய அரசுடையது என்பதால் மாநிலத்தின் மேல் தள்ள முடியாது. கருத்துக் கேட்கவில்லை, எண் கேட்கிறோம். தேதி இருப்பதால் பழைய கணக்கையும் புதிய கணக்கையும் கலக்க முடியாது. இதற்கு அட்டவணைதான் பதிலாக வர முடியும். அந்த அட்டவணையை ஒரு பத்திரிகையாளர் எடுத்துப் போடுவார், ஒரு வழக்கறிஞர் மனுவில் இணைப்பார், அடுத்த ஆண்டு இன்னொரு எம்.பி. அதே கேள்வியைக் கேட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.

விதிகளும் இந்தத் திசையில்தான் தள்ளுகின்றன. மக்களவை விதிகளின்படி ஒரு கேள்வி சாதாரணமாக 150 சொற்களைத் தாண்டக் கூடாது. வாதம், ஊகம், குத்தல், பழிசுமத்தல் இருக்கக் கூடாது. கருத்துக் கேட்கக் கூடாது. இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள் என்ற கற்பனைக் கேள்வியும் கூடாது. இது எம்.பி.யின் வாயைக் கட்டுகிற விதி என்று பலர் நினைக்கிறார்கள். என் பார்வையில் கேட்பவருக்கு இது பலம். குத்தல் இல்லாத கேள்விக்குக் குத்தலாகப் பதில் சொல்லி நழுவ முடியாது.

நான் சொல்வதற்கு 2020-ஆம் ஆண்டு ஒரு தெளிவான சான்று தந்தது. கொரோனாவைக் காரணம் காட்டி அந்த ஆண்டு மழைக்காலக் கூட்டத்தொடரில் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். எழுத்துப்பூர்வப் பதில்கள் மட்டும் இருந்தன. ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் இறந்தார்கள் என்று மக்களவையில் கேட்கப்பட்டது. அப்படி ஒரு விவரம் பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் செப்டம்பர் 14 அன்று பதில் தந்தது. இழப்பீடு பற்றிய பிரிவுக்கு, மேற்கண்டதன் காரணமாக வினா எழவில்லை என்ற பதில். அதே கூட்டத்தொடரில், அதே மாதத்தில், மாநிலங்களவையில் ரயில்வே அமைச்சகத்திடம் வேறு ஒரு கேள்வி போனது. ஊரடங்கில் தொழிலாளர்களை ஊருக்கு அழைத்துப்போக விடப்பட்ட ஷ்ரமிக் சிறப்பு ரயில்களில் பயணம் செய்தபோது இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் அது. மாநிலக் காவல்துறைகள் தந்த தகவலின்படி செப்டம்பர் 9 வரை 97 பேர் என்று பதில் வந்தது. பரந்த கேள்விக்கு "விவரம் இல்லை" என்று வந்த இடத்தில், இன்ன ரயில்களில் என்று குறுக்கிக் கேட்டதும் ஒரு எண் வந்தது. அந்த 97 முழுக் கணக்கு இல்லை. நடந்தே போய் வழியில் விழுந்தவர்கள் அதில் இல்லை. ஆனாலும் அரசே ஒப்புக்கொண்ட எண் அது, இனி யாரும் அழிக்க முடியாது. "விவரம் இல்லை" என்ற முதல் பதிலையும் நான் வீண் என்று சொல்ல மாட்டேன். தன் குடிமக்கள் சாலையில் இறந்ததை அரசு எண்ணவில்லை என்பதை அரசே எழுதிக் கொடுத்த தாள் அது. நாடு முழுக்க அதைப் பற்றித்தான் அன்று பேசினார்கள்.

சரி, கேள்வி ஆட்டம் காண வைத்ததும் உண்டா? உண்டு. 1957-இல் எல்.ஐ.சி. தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனங்களில் அது பங்குகள் வாங்கியதா என்று மக்களவையில் கேள்வி எழுந்தது. கேட்டது ஒரு பரிவர்த்தனை பற்றி மட்டுமே. பதில்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஃபெரோஸ் காந்தி விடவில்லை. அவர் ஆளுங்கட்சி உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன். அந்த டிசம்பரில் அவையில் ஆதாரங்களோடு எழுந்து பேசினார். ஆறு நிறுவனங்களில் சுமார் 1.25 கோடி ரூபாய், எல்.ஐ.சி.யின் சொந்த முதலீட்டுக் குழுவைக் கேட்காமலே போடப்பட்டிருந்தது தெரியவந்தது. நீதிபதி சாக்ளா தலைமையில் பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். எதிர்க்கட்சிதான் கேள்வி கேட்க வேண்டும் என்ற எண்ணம் இன்று நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இந்த வழக்கம் பிறந்ததே இப்படி ஒரு குறுகிய கேள்வியில்தான். 1721-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபையில் கௌப்பர் பிரபு கேட்டதுதான் பதிவான முதல் கேள்வி. தென்கடல் கம்பெனி என்ற வணிக நிறுவனத்தின் பங்கு மோசடிக்குப் பிறகு நாட்டைவிட்டு ஓடிய அதன் காசாளர் பிடிபட்டார் என்று ஒரு செய்தி உலவியது, அது உண்மையா என்று கேட்டார். அரசு பதில் சொன்னது. அதே பிரிட்டனில் இப்போது புதன்தோறும் அரை மணி நேரம் பிரதமரிடம் கேள்வி கேட்கிறார்கள், உலகமே பார்க்கிறது. கனடாவில் ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் தலா 35 நொடிதான். இரண்டிலும் விறுவிறுப்பு உண்டு, தகவல் குறைவு. ஜெர்மனியில் உள்ள முறை எனக்குப் பிடித்தது. ஒரு கட்சிக் குழுவோ 5 சதவீத உறுப்பினர்களோ சேர்ந்து எழுத்தில் விரிவான கேள்விப் பட்டியல் அனுப்பலாம், அரசு 14 நாளில் பதில் தர வேண்டும். அவையில் விவாதமே கிடையாது. அங்கே எதிர்க்கட்சிகள் அதிகம் பயன்படுத்துகிற ஆயுதம் அதுதான்.

நேருக்கு நேர் கேட்பதில் பலன் தெரிவது பெரும்பாலும் நாடாளுமன்றக் குழுக்களின் அறைகளில். 2018-இல் பிரிட்டனில் விண்ட்ரஷ் பிரச்சினை வெடித்தது. பல பத்தாண்டுகளுக்கு முன் கரீபியனிலிருந்து சட்டப்படி வந்து வாழ்ந்தவர்களை, காகிதம் இல்லை என்று சொல்லி மருத்துவமும் வேலையும் மறுத்தார்கள், சிலரை நாடு கடத்தவும் செய்தார்கள். நாடாளுமன்றக் குழு முன் வந்த உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட்டிடம், ஆட்களை வெளியேற்ற இலக்கு எண்ணிக்கை வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றார். இருந்ததைக் காட்டும் ஆவணங்கள் வெளிவந்தன. சில நாட்களிலேயே பதவி விலகினார். இந்தியாவில் ஒவ்வொரு துறையையும் ஆராயும் எம்.பி.க்களின் குழுக்கள், அதாவது துறைசார் நிலைக்குழுக்கள், 1993 முதல் இருக்கின்றன, நல்ல அறிக்கைகளும் தருகின்றன. ஆனால் அவற்றின் முன் வந்து உட்கார்வது செயலாளர்களும் அதிகாரிகளும்தான், அமைச்சர்கள் இல்லை. இது மாற வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். கொள்கையை முடிவு செய்தவரைக் கேட்காமல், அதைச் செயல்படுத்துகிறவரை மட்டும் கேட்டால் பாதி உண்மைதான் கிடைக்கும்.

குறைகள் இல்லாமல் இல்லை. 2005-இல் கேள்வி கேட்கப் பணம் வாங்கியதாக ஒரு ரகசியக் கேமரா பதிவில் சிக்கிய 11 எம்.பி.க்கள் பதவி நீக்கப்பட்டார்கள். தன் கட்சி அமைச்சரைப் புகழ வைக்கவே எழுதப்படும் கேள்விகளும் எல்லா நாட்டு அவைகளிலும் உண்டு. அவற்றைப் படித்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இன்னொரு கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அமைச்சர் அவையில் "பரிசீலனையில் உள்ளது", "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, பின்னர் அவையில் வைக்கப்படும்" என்றெல்லாம் சொன்னால் அது காற்றில் போய்விடாது. அது உறுதிமொழியாகக் குறிக்கப்படும். அதைப் பின்தொடர மக்களவையில் 1953-இலிருந்தே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது முறை. நடைமுறையில் பல ஆண்டுகள் இழுக்கிறவை உண்டு, அவற்றை அந்தக் குழு பட்டியல் போட்டு அமைச்சகங்களை அழைத்துக் கேட்கிறது.

அப்புறம், உங்களால் என்ன செய்ய முடியும் என்றால், உங்கள் எம்.பி.க்குக் கேள்வியை நீங்களே எழுதி அனுப்பலாம். பெரும்பாலான எம்.பி. அலுவலகங்களில் ஆள் பற்றாக்குறை. "எங்கள் பகுதியில் ரயில் வசதி சரியில்லை, அவையில் பேசுங்கள்" என்று வரும் கடிதத்தைக் கேள்வியாக மாற்ற அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. இன்ன அமைச்சகம், இன்ன திட்டம், இன்ன ஆண்டுகளுக்கு ஒதுக்கிய தொகை, செலவான தொகை, மீதி திரும்பிப் போனதா என்று 150 சொற்களுக்குள் எழுதி அனுப்பினால் அப்படியே நோட்டீஸாகப் போட வாய்ப்பு அதிகம். கூட்டத்தொடர் தேதி அறிவித்தவுடன் அனுப்புங்கள், 15 நாள் கெடு இருக்கிறது. அதற்கு முன் அதே கேள்வி ஏற்கெனவே வந்திருக்கிறதா என்று மக்களவை, மாநிலங்களவை இணையதளங்களில் தேடிப் பாருங்கள். பழைய பதில் கிடைத்தால் அதன் எண்ணையும் தேதியையும் உங்கள் கடிதத்தில் குறிப்பிட்டு, அதில் விடுபட்ட பிரிவை மட்டும் கேளுங்கள். "தகவல் திரட்டப்பட்டு வருகிறது" என்று முடிந்திருந்தால் மூன்று மாதம் எப்போது முடிகிறது என்று குறித்து வைத்துக்கொண்டு, அன்றே அடுத்த கடிதத்தை அனுப்புங்கள்.