புற்றுநோய் ஸ்கிரீனிங்: செலவும் பலனும் – கேள்வி பதில்

கேள்வி: முன்பே கண்டுபிடித்தால் சிகிச்சைச் செலவு குறையும். அப்படியானால் ஸ்கிரீனிங், அதாவது அறிகுறி இல்லாதவர்களையும் சோதித்துப் பார்ப்பது, நடத்தும் அரசுக்குப் பணம் மிச்சம்தானே?

பதில்: நோயாளி ஒருவரை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. மொத்தமாகக் கணக்குப் போட்டால் பெரும்பாலும் மிச்சமாகாது. ஆயிரம் பேரைச் சோதித்தால் நோய் இருப்பது சிலருக்குத்தான். சோதனைச் செலவோ ஆயிரம் பேருக்கும் ஆகிறது. சந்தேகம் வந்தவர்களுக்கு மறு ஸ்கேன், பயாப்ஸி (சிறிது திசு எடுத்துச் சோதிப்பது) என்று அது நீளும். அதற்காக இதை வீண் செலவு என்று தள்ளிவிடக் கூடாது. அந்தப் பணத்துக்கு ஆயுள் கிடைக்கிறது. நலமாக வாழும் ஓர் ஆண்டைக் கூடுதலாகப் பெற எவ்வளவு செலவாகிறது என்று கேளுங்கள். அமெரிக்காவில் அதிகம் புகைத்தவர்களுக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வில் நுரையீரல் புற்றுநோய் மரணங்கள் 20 சதவீதம் குறைந்தன (2011). அங்கே நலமான ஓர் ஆண்டைக் கூடுதலாகப் பெற ஏறத்தாழ 81,000 டாலர் ஆகிறது என்று பிறகு கணக்கிட்டார்கள். ஆபத்து அதிகமுள்ளவர்களிடம் இந்தத் தொகை இறங்குகிறது. யாரைச் சோதிக்கிறோம் என்பதில்தான் பொருளாதாரமே இருக்கிறது.

கேள்வி: குறைந்த செலவில் அதிகப் பலன் எதில்?

பதில்: என் முதல் தேர்வு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். புற்றாக மாறும் முன்பே, அந்த நிலையிலேயே திசுவை அகற்றிவிடலாம். மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்த ஆய்வில், ஒரே ஒரு முறை எச்.பி.வி. (இந்த நோயை உண்டாக்கும் வைரஸ்) சோதனை செய்த பெண்களிடையே இந்த நோயால் வரும் மரணம் ஏறக்குறைய பாதியானது (2009). தடுப்பூசி, சோதனை, சிகிச்சை மூன்றையும் சேர்த்துச் செய்தால், போடும் ஒவ்வொரு டாலருக்கும் 3.20 டாலர் பொருளாதாரத்துக்குத் திரும்பும் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. காரணம், அந்தப் பெண்கள் உயிரோடு இருந்து வேலை செய்கிறார்கள்.

கேள்வி: குடும்பத்துக்கு ஏற்படும் இழப்பையும் இந்தக் கணக்கில் சேர்க்கிறார்களா?

பதில்: பல ஆய்வுகளில் சேர்ப்பதில்லை. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோயில் சிலருக்கு அறுவை சிகிச்சையும் மாத்திரையுமே போதும். முற்றிய பிறகு வந்தால் கீமோ, கதிர்வீச்சு, விலை உயர்ந்த மருந்துகள் என்று மாதக்கணக்கில் போகும். நோயாளியின் சம்பளம் நிற்கும், கூட இருந்து பார்ப்பவரின் வேலையும் போகும். அப்புறம் கடன், நகை அடகு, பிள்ளையின் படிப்பு. இவை எதுவும் மருத்துவமனை பில்லில் வராது, ஆனால் உண்மையான செலவில் பெரும் பங்கு இவைதான்.

கேள்வி: அப்படியானால் வருடா வருடம் எல்லாச் சோதனையும் செய்துகொள்ளலாமா?

பதில்: வேண்டாம். தென்கொரியாவில் தைராய்டு ஸ்கேன் பரவியதால், 2011-இல் கண்டறியப்பட்ட தைராய்டு புற்றுநோய் 1993-ஐப் போல 15 மடங்கானது. மரணம் குறையவில்லை. தொல்லையே தராமல் இருந்திருக்கும் கட்டிகளுக்காகப் பலர் சுரப்பியை இழந்து, ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டியதாயிற்று.

கேள்வி: ஐந்தாண்டு உயிர் வாழ்வோர் சதவீதம் கூடினால் ஸ்கிரீனிங் பலித்தது என்றுதானே அர்த்தம்?

பதில்: இல்லை. ஐந்தாண்டை நோய் கண்ட நாளிலிருந்து எண்ணுகிறார்கள்; நோயை முன்பே கண்டால் அந்தக் கடிகாரம் முன்பே ஓடத் தொடங்கும். இறக்கும் நாள் மாறாவிட்டாலும் அந்தச் சதவீதம் கூடும். மரண விகிதம் குறைந்ததா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: பணம் குறைவாக உள்ள நாடு எங்கே தொடங்க வேண்டும்?

பதில்: கட்டி, ரத்தப்போக்கு, ஆறாத வாய்ப்புண் என்று ஏற்கெனவே அறிகுறியோடு வருபவர்களிடம். அவர்களுக்குச் சீக்கிரம் பயாப்ஸி, சீக்கிரம் முடிவு, உடனே சிகிச்சை. இதற்குத் திசுவைப் பரிசோதிக்கும் நல்ல பேத்தாலஜி ஆய்வகமும், அலைக்கழிக்காத பரிந்துரை முறையும் வேண்டும். சிகிச்சைக்கு இடமே இல்லாத ஊரில் முகாம் போட்டு நோயை மட்டும் சொல்லி அனுப்புவது கொடுமை.