மூன்று படம் எடுத்தவரெல்லாம் முன்னோடியா?

கேள்வி: மெக்சிகோவின் திரைப்பட இயக்குநர் மத்தில்தே லாந்தெத்தாவைச் சென்ற இதழில் 'முன்னோடி' என்று எழுதியிருந்தீர்கள். தேடிப் பார்த்தேன். 1951-க்குள் மூன்று படம், அப்புறம் நாற்பது வருஷம் கழித்து ஒன்று. அவ்வளவுதான். பெண் என்பதற்காகச் சலுகை மதிப்பெண் போடுகிறீர்களா? திறமை இருந்தால் வாய்ப்பு தானாகத் தேடி வராதா?
– வாசகர், ஈரோடு

பதில்: தேடி வரும், வரும். முகவரி சரியாக இருந்தால் வரும்! லாந்தெத்தா விஷயத்தில் அது யார் வீட்டுக்குப் போனது என்று பார்ப்போம்.

1910-இல் மெக்சிகோ நகரில் பிறந்தவர். 1930களின் தொடக்கத்தில் ஸ்டுடியோவுக்குள் போனார். கிடைத்த வேலை, நம்மூரில் கன்டினியூட்டி என்கிறோமே, அது. காலையில் எடுத்த ஷாட்டில் நாயகன் சிகரெட்டை எந்தக் கையில் பிடித்திருந்தான், கோப்பையில் மது எவ்வளவு இருந்தது, சட்டையில் எத்தனை பட்டன் திறந்திருந்தது என்று எல்லாவற்றையும் குறித்து வைக்க வேண்டும். மதியம் எடுக்கும் ஷாட்டில் ஒன்று மாறினாலும் திட்டு அவருக்குத்தான். எழுபதுக்கும் மேற்பட்ட படங்களில் இதைச் செய்தார். எமிலியோ ஃபெர்னாண்டஸ், ஹூலியோ பிராச்சோ போன்ற பெரிய தலைகளின் செட்டில், ஒரு காட்சி எப்படிக் கட்டப்படுகிறது என்பதை இயக்குநரைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டிய வேலை. இதைவிடப் பெரிய திரைப்படக் கல்லூரி அன்று மெக்சிகோவில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

சரி, உதவி இயக்குநராகலாம் என்று கேட்டார். பெண்ணுக்கு அந்த இடம் கிடையாது என்றது சினிமாத் தொழிலாளர் சங்கம். ஒருநாள் கால்சட்டை, தொப்பி, ஒட்டு மீசை சகிதம் ஆண் வேஷத்தில் செட்டுக்கு வந்து நின்றார். இதை அவரே பின்னாளில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். மீசைதான் தகுதி என்றால் இதோ மீசை! 1945-இல் ஒருவழியாக உதவி இயக்குநரானார். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இதையும் 'வாய்ப்பு தேடி வந்தது' கணக்கில் சேர்ப்பீர்களா?

அடுத்தது இயக்கம். எந்தத் தயாரிப்பாளரும் பணம் போடவில்லை. தானே சிலரைச் சேர்த்து 'டாக்மா' என்று ஒரு கம்பெனி தொடங்கினார். கார், வீடு என்று கையில் இருந்ததை விற்றும் அடகு வைத்தும் 1948-இல் 'லோலா கசநோவா', அடுத்த வருஷமே 'லா நெக்ரா ஆங்குஸ்தியாஸ்'. இரண்டுக்கும் மூலம் ஃபிரான்சிஸ்கோ ரோஹாஸ் கொன்சாலெஸின் நாவல்கள்.

இந்த இரண்டாவது படத்தில்தான் அவர் யார் என்பது தெரிகிறது. ஆங்குஸ்தியாஸ், மெக்சிகோ புரட்சியில் விவசாயிகளின் தலைவர் ஸபாத்தா பக்கம் நின்று படை நடத்தும் கறுப்பினக் கலப்புப் பெண். ஆண்களுக்கு ஆணையிடுபவள். எழுத்துச் சொல்லிக்கொடுக்க வந்த வெளுத்த வாத்தியார் மேல் காதல் வருகிறது. நாவலில் என்ன ஆகிறது தெரியுமா? கர்னல் அம்மா துப்பாக்கியை மூலையில் சாத்திவிட்டு அந்த மனிதனின் நிழலாகச் சுருண்டுவிடுகிறாள். நாவல் தேசிய இலக்கியப் பரிசு வாங்கியது. லாந்தெத்தாவோ அந்த முடிவைத் தூக்கிப் போட்டார். அவருடைய ஆங்குஸ்தியாஸ் அழுகிறாள், அவமானப்படுகிறாள், எல்லாம் ஆனபின் குதிரையேறிப் போருக்குத் திரும்புகிறாள். பரிசு வாங்கிய நாவலின் முதுகெலும்பையே மாற்றி வைக்கும் துணிச்சல் எழுத்து தெரிந்தவருக்குத்தான் வரும். (வெள்ளைத் தோல் நடிகை மரியா எலேனா மார்கேஸுக்குக் கறுப்புச் சாயம் பூசி நடிக்க வைத்தது எனக்கு உறுத்துகிறது. அதற்குச் சலுகை மதிப்பெண் கொடுக்க மாட்டேன்.)

மூன்றாவது, 1951-இல் வந்த 'த்ரோத்தகாயெஸ்'. அந்தக் காலத்தில் மெக்சிகோவில் கேபரே நாட்டியக்காரி படங்கள் வரிசை கட்டி வந்தன: ஆடவும் வேண்டும், கெட்டுப்போகவும் வேண்டும், கடைசியில் அழவும் வேண்டும். இவரும் அந்தச் சரக்கையே எடுத்துக்கொண்டு இரண்டு சகோதரிகளை எதிரெதிரே நிறுத்தினார். ஒருத்தி தெருவில் நிற்பவள், மற்றவள் பணக்காரனைக் கட்டிக்கொண்டவள். இருவரையும் சுரண்டுபவன் ஒரே ஆள். பாவம், புண்ணியம் என்ற பேச்சே இல்லை. யார் எதற்காகத் தன்னை விற்கிறாள் என்ற கேள்விதான்.

இப்போது உங்கள் நாற்பது வருஷத்துக்கு வருவோம். அன்று மெக்சிகோவில் படத்துக்குக் கடன் தந்தது அரசின் சினிமா வங்கி. திரையரங்குகளில் பெரும்பகுதி வில்லியம் ஜென்கின்ஸ் என்ற அமெரிக்கரின் கூட்டணி கையில். சங்கத்தின் இயக்குநர் பிரிவோ புது ஆட்களுக்குக் கதவைச் சாத்தியிருந்தது. மூன்றிலும் முட்டியவர் இவர். சிறுவர் நீதிமன்றத்துக்கு வரும் தெருப்பிள்ளைகளைப் பற்றி ஒரு திரைக்கதை எழுதி, தானே இயக்க ஆசைப்பட்டார். அது 'எல் கமீனோ தெ லா வீதா' என்று 1956-இல் வெளிவந்தது. இயக்கியவர் அல்ஃபொன்சோ கொரோனா பிளேக். கதைக்கான ஏரியல் விருது லாந்தெத்தாவுக்கு! அதாவது, எழுத்துக்கு நாட்டின் உயர்ந்த விருது உண்டு, அதைப் படமாக்கும் நாற்காலி மட்டும் கிடையாது. நீங்கள் சொல்லும் திறமை இங்கே இருந்தது, நிரூபணமும் ஆகியிருந்தது. தேடி வந்ததுதான் வேறு: அமெரிக்கத் தொலைக்காட்சியின் குழந்தைகள் பொம்மை நிகழ்ச்சி ஒன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட சின்னச் சின்னப் படங்கள். அதையும் சளைக்காமல் செய்தார்.

1975-இல் ஐ.நா.வின் முதல் உலகப் பெண்கள் மாநாடு மெக்சிகோ நகரில் கூடியபோது யாரோ பெட்டியைத் திறந்து 'ஆங்குஸ்தியாஸை'த் திரையிட்டார்கள். அப்புறம்தான் ஊருக்கே ஞாபகம் வந்தது. எண்பது வயதைத் தாண்டி, கவிஞர் மனுவேல் அகூஞாவின் காதலையும் தற்கொலையையும் வைத்து 'நொக்தூர்னோ அ ரொசாரியோ' எடுத்தார். அது அவருடைய நல்ல படம் இல்லை, கொஞ்சம் நாடகத்தனம். 1999-இல் காலமானார்.

மூன்று படம் என்று எண்ணியவர், அந்த மூன்றில் ஒன்றையாவது பார்த்தீர்களா என்று சொல்லவில்லையே? 'ஆங்குஸ்தியாஸில்' தொடங்குங்கள். பார்த்துவிட்டும் அபிப்பிராயம் மாறவில்லை என்றால் எழுதுங்கள், அந்தக் கடிதத்தையும் வெட்டாமல் போடுகிறேன்.